நான்கடியில் பாறை

மே 2, 1906

இந்த நோட்டில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம் என்றுதான் தெரியவில்லை. மேட்டுச் சரிவில் தோண்டும் குழிகளைப் பற்றி எழுத எங்கள் கிறிஸ்தவ சபைக் கமிட்டி கொடுத்த நோட்டு இது. நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு என் சொந்தப் பேச்சை எழுதுகிறேன். பேச ஆள் இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்துக்கு லீவு. நான் பக்கத்தில் போனால் கூலி லைன் வீடுகளில் பெண்கள் பேச்சை மாற்றுகிறார்கள். சென்னையில் ஆறு வருஷம் இருந்து பி.ஏ. முடித்து வந்தவளிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மே 4

சரிவு பாலகாட் தங்கச் சுரங்கத்துப் பக்கம் இருக்கிறது. கம்பெனி நிலம். சபையில் முப்பது குடும்பங்கள் அங்கே மண்சுவர் வீடு கட்டிக்கொள்ளலாமாம். ஆனால் தரை எப்படிப்பட்டது என்று இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும் என்று கம்பெனி துரை சொல்லிவிட்டார். இரண்டு தரம் பிளேக் வந்துபோன தட்டி வீடுகளை விட்டு வெளியேற எல்லாருக்கும் அவசரம்.

மேலே மூன்று குழி, கீழே மூன்று. அப்பா ஒவ்வொன்றிலும் இறங்கிக் கடப்பாரையால் தட்டினார். கணீர். "போதும், பாறை. மேல ஏறுங்க." சுரங்கத்துக்குள் கூரையைத் தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான். கணீர் என்றால் கீழே நிற்கலாம், பொத்தென்றால் ஓட வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அப்பாவின் ஆட்கள் மேல் ஒரு கல் விழுந்ததில்லை. அப்பா பெயர் ஏனோக்; 'ஏனோக் காது' என்றால் ஷாஃப்டில், அந்தச் சுரங்கக் குழிக்குள், எல்லாருக்கும் தெரியும்.

ஆறு குழிக்கும் எழுதினேன்: நான்கடியில் பாறை.

மே 7

துரைக்குக் கொடுக்க வேண்டிய இங்கிலீஷ் நகல் முடிந்தது. கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. காட்டத்தான் யாருமில்லை.

மே 9

சரிவின் நீளத்தை அளக்கத் தனியாகப் போனேன். கீழே இருக்கும் ஐந்தாம் குழிக்குள் இறங்கி, சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா தட்டிய கல் கறுப்பு. மேல் குழிகளில் இருப்பது சாம்பல் நிறம். இதன் ஓரத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. நேராக, விரல் பருமனில், பாதி வெட்டிய குழாய் மாதிரி. மருந்து வைத்து வெடிக்க அப்பா தினமும் போடுகிற துளை இதுதானே? மலையில் தானாக இருக்கும் கல்லில் அது எப்படி வந்தது?

லூயிசா குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். கைப்பிள்ளைக்காரி. அந்த இடத்தில்தான் அவளுக்கு வீடு வரப்போகிறது. தண்ணீர் கேட்டேன்.

"இன்னாக்கா, குழிக்குத் தாகமா? ஒரு மணி நேரம் நின்னு புடிச்ச தண்ணி." பிறகு அவளே ஊற்றினாள். "போவட்டும், என் வூட்டுக் குழிதானே, குடிக்கட்டும்."

மேல் குழியில் முன்பு ஊற்றிய தண்ணீர் அரை நாள் நின்றது. இங்கே கல் இடுக்கில் இறங்கி ஒரு நிமிஷத்தில் காணாமல் போயிற்று.

"எங்கக்கா போச்சு?"

நான் குனிந்து இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன்.

மே 14

நாலு நாள் தள்ளிப்போட்டு இன்றைக்கு அப்பாவிடம் அந்தத் துளையைப் பற்றியும் லூயிசா ஊற்றிய தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். சரிவின் தலைப்பில் தூர்ந்துபோன பழைய ஷாஃப்ட் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த கல்லைக் கீழ்ச் சரிவில் கொட்டியிருக்கிறார்கள், மேலே ஆவாரை முளைத்துவிட்டது. மழை இறங்கினால் இடுக்கு மண் கழுவிப்போகும், கல் நகரும், சுவர் நிற்காது.

"நான் தட்டிப் பாத்தேனே. பொத்துன்னா கேட்டுது?"

"பெரிய கல்லுப்பா. கணீர்னுதான் கேக்கும். ஆனா அது மலையோட ஒட்டிக்கினு இல்ல."

"என் காத விட லூயிசா கொடம் பெருசாப் போச்சா?"

சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். ஐயோ, நான் ஏன் அந்தக் குழிக்குள்ள எறங்கினேன்? நகலைக் குடுத்துட்டுப் பேசாம இருந்திருக்கக் கூடாதா—

மே 17

கமிட்டிச் செயலாளர் மாணிக்கராஜ் நகலை வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொன்னேன்.

"நீ படிச்சது சரித்திரம். கல்லப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? மழைக்கு முன்ன கூரை போட்டாவணும். அடுத்த பிளேக் வந்தா பி.ஏ.ம்மா பதில் சொல்லுவியா?"

அந்தக் கேள்வி நியாயமானது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 18

வீட்டில் இரண்டு பேர். அப்பா வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

மே 20, ஞாயிறு

அப்பா ஆராதனைக்கு வரவில்லை. தேடிப் போனேன். ஐந்தாம் குழியில் இருந்தார். அந்தக் கல் எருமையளவு இருந்தது. அதைச் சுற்றித் தோண்டி, ஒன்பதடிக்குப் போயிருந்தார். கல்லுக்கு அடியில் மறுபடி உதிரிக் கல். அதற்குள்ளிருந்து உளுத்த முட்டுக்கட்டை ஒன்றை இழுத்துப் போட்டார், சுரங்கத்தில் கூரைக்குக் கொடுப்பது.

துளையின் பள்ளத்தில் கட்டை விரலை வைத்து ஓட்டினார். "கை தேர்ந்தவன் போட்டிருக்கான்."

வீடு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார்.

மே 25

புது நகல் கொடுத்தாயிற்று. மேல் சரிவில் மட்டும் கட்டலாம். பத்தொன்பது வீட்டுக்குத்தான் இடம். கமிட்டி அறையில் சீட்டுப் போட்டார்கள், நான் பெயர்களை எழுதினேன். லூயிசா பெயர் வரவில்லை. எங்கள் பெயர் வந்தது. வராமல் இருந்திருந்தால் அவள் முகத்தைப் பார்ப்பது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மற்ற பதினோரு பேருக்கு யார் சொல்வது என்று மாணிக்கராஜ் கேட்டார். அப்பா எழுந்தார்.

"பாறைன்னு சொன்னது நான். பதினோரு வூட்டுக்கும் நானே போறேன்."

மே 27, ஞாயிறு

ஆராதனை முடிந்தது. அப்பா கோட்டைக் கழற்றவில்லை. முதலில் லூயிசா வீட்டுக்குத்தான் போவார். பிறகு லைன் லைனாக. வாசலில் செருப்பைத் தேடுகிறார். அது அவர் கண் எதிரே இருக்கிறது.

காலையிலிருந்து கேட்க நினைக்கிறேன். அங்கே போய் என்ன பேசுவேன் என்று தெரியாது. திட்டுவார்கள். திட்டட்டும். இதை மூடிவைத்துவிட்டு எழுந்து கேட்கப் போகிறேன்:

அப்பா, நானும் உங்க கூட வரட்டுமா?