பதினோராவது கதவு

மார்ச் 3

மதிப்பிற்குரிய இயற்பியல் துறைத் தலைவர் ஐயாவுக்கு,

முதலாமாண்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடும் மாணவி எழுதும் மன்னிப்புக் கடிதம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேராசிரியர்களின் கதவுகளில் "உள்ளே வரலாம், கடிக்க மாட்டார்" என்று அட்டை ஒட்டியது நான்தான். சந்தேகம் கேட்க இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால், "கிளாஸ்ல தூங்கினியா?" என்று விழும். இப்போது வாசலில் வரிசை நிற்கிறது! ஆய்வகப் பேராசிரியர், "படிக்காம வந்தா கடிப்பேன்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டார். ஆபீஸ் அண்ணன்கூட, "என் மேஜைக்கும் ஒண்ணு ஒட்டும்மா" என்கிறார்.

ஒட்டியதற்கு வருந்தவில்லை. பெயின்ட் உரிந்ததற்கு ரொம்ப வருந்துகிறேன். நீங்கள் ஏற்காவிட்டால் இந்தப் பருவம் முழுக்க இடைநீக்கமாம். அம்மாவுக்குத் தெரிந்தால் அவர் நிச்சயம் கடிப்பார்.

கீழ்ப்படிய முயலும்,
வாலு

மார்ச் 4

வாலுவுக்கு,

மன்னிப்பு ஏற்கப்படவில்லை. துறையில் கதவுகள் பதினொன்று. பதினோராவது என்னுடையது. அதில் ஏன் அட்டை இல்லை? எண்ணத் தெரியாதா, பசை தீர்ந்துவிட்டதா? மற்ற அறைகளில் சிரிப்புச் சத்தம். என் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். எழுத்து மூலம் விளக்கம் தேவை.

துறைத் தலைவர்

மார்ச் 5

ஐயா,

பசை இருந்தது. தைரியம்தான் தீர்ந்துவிட்டது. கடிப்பீர்களா மாட்டீர்களா என்று தெரியாமல் எப்படி ஒட்டுவது? நாளை மூன்று மணிக்குச் சோதித்துவிடுகிறேன். என் சந்தேகம் இதுதான்: முதல் வாரம் பலகையில் போட்ட கணக்கில் ஏழாவது வரியிலிருந்து எட்டாவது வரிக்கு எப்படித் தாவினீர்கள்? வகுப்பே இன்னும் முழிக்கிறது. தட்டுவேன். திறங்கள்.

நடுக்கத்துடன்,
வாலு

மார்ச் 7

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று நீ போன பிறகு பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். எட்டாவது வரி தப்புதான். பன்னிரண்டு வருஷமாக அதையே எழுதியிருக்கிறேன். அத்தனை பேரும் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நான் இருக்கவில்லை.

இடைநீக்கம் கிடையாது. என் அறைக்கு நான்கு நாற்காலிகள் கேட்டிருக்கிறேன். உன் கூட்டத்தை அழைத்து வா.

திங்கட்கிழமை அந்த வரியை எல்லோர் முன்னாலும் நானே அழிக்கப்போகிறேன். அப்போது சிரிக்காதே.

சரி, சிரி.

உன் ஆசிரியர்