சீத்தாப்பழப் பாசந்தி, சர்க்கரை இல்லாமல்

என் தங்கக் கண்ணு தாரணிக்கு,

போன வாரம் நம் வீட்டில் மிக்ஸி ஓடியது. நீ போன பிறகு அதுதான் முதல் தடவை. இதை வேறு யாரிடம் சொன்னாலும், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். உனக்குத்தான் புரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எனக்கு நெஞ்சில் அடைப்பு என்று கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய வருஷம்தான் உனக்கும் வேலை கிடைத்தது. நெய், பாலாடை, இனிப்பு எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணப் பந்தியில் பாசந்திக் கிண்ணத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிற ஆள் நான். உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரர் கிண்ணத்தை வழிப்பதைப் பார்த்துக்கொண்டே ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். எதிர்வரிசையில் இருந்த நீ அதைக் கவனித்திருக்கிறாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையச் சீத்தாப்பழம் வாங்கி வந்தாய். உன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு துணி வாங்க வந்திருந்த வெளிநாட்டு அம்மா, மத்தியானம் சோற்றுக்குப் பதிலாகப் பழத்தையும் தயிரையும் அடித்துக் குடிக்கிறாராம். அதன் பேர் ஸ்மூத்தி என்றாய்.

“ஜூஸ்தான கண்ணு?” என்று கேட்டேன்.

“ஜூஸ் இல்லீங்கப்பா. ஜூஸ் தண்ணியா இருக்கும். இது ஸ்பூன்ல எடுக்கற மாதிரி கெட்டியா வரும். உங்களுக்குப் பாசந்தி மாதிரியே பண்ணித் தர்றன், இருங்க.”

ஆடை நீக்கிய பாலைச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாய். ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் கொஞ்சம் தனியாக இருந்தது. பழத்திலிருந்து கொட்டை எடுக்கிற வேலையை என்னிடம் தள்ளிவிட்டாய். “ஒரு கொட்டைகூட மிக்ஸியில விழக்கூடாதுங்கப்பா. கசந்து போயிரும், உடம்புக்கும் ஆகாது” என்றாய். நான் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த பனியன் துணியில் கோடு பிசகாமல் மெஷினை ஓட்டுகிற கை. அந்த வழுவழுப்புக் கொட்டைகள் என் விரலுக்குள் நிற்காமல் ஓடின. நீ சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

சர்க்கரை ஒரு துளி இல்லை. நெய் இல்லை. ஆனாலும் முதல் வாய் உள்ளே போனதும் பந்தியில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நான் டம்ளரை நீட்டி இன்னும் கேட்டேன். “போதுங்க, நாளைக்கு” என்றாய், பந்தி பரிமாறுகிற ஆள் மாதிரி.

அதன்பிறகு தினமும் நீ வேலை முடிந்து வந்ததும் வீட்டில் மிக்ஸிச் சத்தம் கேட்கும். சீத்தாப்பழம் முடிந்ததும் சப்போட்டா, பிறகு வாழைப்பழமும் பேரீச்சையும். நீ ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர். உங்கம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உன் டம்ளரில் பாதியைக் குடிப்பாள்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஷிப்மென்ட் நேரம் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். காய்ச்சல் விட்டதென்று நாங்கள் நினைத்த அன்றுதான் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொல்லி ரத்தம் ஏற்றினார்கள். “என்ற ரத்தத்த எடுத்துக்குங்க, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்று உங்கம்மா நர்சின் பின்னாலேயே நடந்தாள். நீ கடைசியாக நினைவோடு கண் திறந்தபோது, “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். நான் சாப்பிடவில்லை கண்ணு. உனக்கு அது தெரிந்திருக்குமா?

நீ எங்களுக்கு ஒரே பிள்ளை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். உங்கம்மா மட்டும் அழவில்லை. அவர்கள் போன பிறகு மிக்ஸியைப் பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். சட்னியை அம்மியில் அரைத்தாள். எனக்குச் சோறு போடுவாள், தனக்கு ஒரு கைப்பிடி எடுத்து வைத்து அதையும் மூடிவிடுவாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், “தொண்டையில எறங்க மாட்டேங்குதுங்க” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. உன் பேரை நான் எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இப்படி எவ்வளவு நாள் இருக்க முடியும்?

போன மாதம் துணி காயப்போட மாடிக்குப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாள். டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே விட்டால் தாங்காது என்றார். சோறு இறங்காவிட்டால் பாலும் பழமுமாவது உள்ளே போகட்டும் என்றார். எழுதித் தந்த டானிக்கை உங்கம்மா திறக்கவே இல்லை. அன்றிரவு எனக்குப் பயம் வந்தது. உன்னைப் போலவே இவளையும் விட்டுவிடுவேனோ என்று.

போன வாரம் பல்லடம் ரோட்டோரம் சீத்தாப்பழக் கூடைகள் வந்திருந்தன. வாங்கி வந்தேன். அவள் படுத்திருந்தாள். சத்தமில்லாமல் பரணிலிருந்து மிக்ஸியை இறக்கித் துடைத்தேன். பாலைக் காய்ச்சி ஆறவைத்தேன். கரண்ட் போயிருந்தது, வருகிறவரை சமையலறையிலேயே நின்றேன். முதல் தடவை ஒரு கொட்டை உள்ளே விழுந்து எல்லாம் கசந்துவிட்டதால் கீழே கொட்டினேன். மறுபடி உட்கார்ந்து ஒவ்வொரு சுளையாகப் பிதுக்கினேன்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பினால், உங்கம்மா சமையலறை வாசற்படியில் நிற்கிறாள். நிறுத்தினேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, என்ன போட்டீங்க?”

“பழம், பால், பாதாம். கொஞ்சம் ஏலக்கா.”

“அவ ஏலக்கா போட மாட்டாளுங்க. ஜாதிக்கா. கல்லுல ஒரே ஒரு உரசு உரசிப் போடுவா.”

அத்தனை நாள் குடித்தும் எனக்கு அது தெரியாது. உங்கம்மா உன் அருகே நின்று பார்த்திருக்கிறாள். டப்பாவைத் தேடி ஜாதிக்காயை எடுத்து, கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசி, விரலால் வழித்து ஜாருக்குள் போட்டாள். நான் இன்னொரு சுற்று ஓட்டி, டம்ளரில் ஊற்றி நீட்டினேன். நின்றபடி பாதி குடித்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பத்து மாதமாக உள்ளேயே வைத்திருந்த அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழாதே என்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியையும் குடித்தாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் செய்கிறோம். கொட்டை எடுப்பது நான், மற்றதெல்லாம் அவள். மத்தியானம் கொஞ்சம் சோறும் சாப்பிடுகிறாள். இரவில் உன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாள். எனக்குத் தெரியாததாகவே சொல்கிறாள்.

இன்று காலை பழம் வாங்க நானும் வருகிறேன் என்று அவளாகவே கிளம்பினாள். பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து கூடையோடு வருகிற ஓர் அம்மாவிடம் நின்றோம். அந்த அம்மா பழத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, “ஊட்டுல எத்தன பேருங்க? அதுக்குத் தகுந்தாப்புல பழுத்ததாப் பாத்துப் போடறனுங்க” என்றார்.

ரெண்டு பேர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை.

“மூணு பேருங்க” என்றாள் உங்கம்மா.

அந்த அம்மா பழங்களை எண்ணிப் பையில் போட்டார். திரும்பி வரும்போது பையை அவளே தூக்கிக்கொண்டாள். மூன்றாவது பங்கை என்ன செய்யப்போகிறாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி யார் கேட்டாலும் நானும் மூணு பேர் என்றே சொல்வேன், கண்ணு. உங்கம்மா சொல்லட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

இன்றைக்கும் உனக்கு அப்பாவாகவே இருக்கிற,
உன் அப்பா