சுவரில் மறுபடியும் கரிக்கோடு

செல்வி அப்பாவுக்கு,

சோறும் கருவாட்டுக் குழம்பும் பரண்மேல இருக்கு. பிள்ளைய மாப்பிள்ளையூரணில அக்கா வீட்டுல விட்டாச்சு.

போன வெள்ளம் ஏறுன உயரத்துக்குச் சுவத்துல போட்டிருந்த கோட்ட, தரித்திரம்னு பொங்கலுக்கு வெள்ளையடிச்சு மறச்சீங்க. கரியால மறுபடியும் போட்டிருக்கேன். அத மறக்கதுதான் தரித்திரம். பத்திரமும் ரேஷன் கார்டும் கோட்டுக்கு மேல ஆணியில தொங்குது.

குளம் நிறையுது. அதிகாரி வரட்டும்னு காத்துக் கிடந்துதான் அன்னைக்குக் கரை உடைஞ்சுது. இன்னைக்கு நாங்களே மண்மூட்டை அடுக்கப் போறோம். "கரையில பொம்பளைக்கு என்ன வேலை"ன்னு காலைல கேட்டீங்கல்லா? எட்டு நாள் வீட்டுக்குள்ள சகதி அள்ளுனவளுக்கு இல்லாத வேலையா?

சண்முகத்தாய்

உங்க மம்பட்டி என்கிட்டதான் இருக்கு. வேணும்னா கரைக்கு வாங்க. வெறுங்கையோட வராதீங்க; பதினோரு பொம்பளைக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டாங்க.