உரித்த வெங்காயம் இல்லை

என் பிரியமான தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டிருந்தால் முதலில் அணைத்துவிட்டு வந்து மேலே படி.

நேற்று ஜீப்பில் வந்த மூட்டையில், வழக்கமாக நான் உரித்து அனுப்பும் சின்ன வெங்காயம் போல ஒரு துணிப்பை இருக்கும். அது வெங்காயம் இல்லை. எங்கள் நர்சரியில் நட வைத்திருந்த பூக்கிழங்கு. கட்டம் போட்ட இதழோடு தலைகவிழ்ந்து பூக்குமே ஒரு லில்லி வகை, லுங்கித் துணி மாதிரி இருக்கு என்று நீ சிரித்தாயே, அதன் கிழங்குதான். காய்ந்த தோலே இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும். தின்றால் வாந்தி வரும், நாடி விழுந்துவிடும். வேகவைத்தாலும் விஷம் போகாது.

நர்சரியில் எலித்தொல்லை என்று அதை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த என்னை முதலில் உதைக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்று உன் அத்தான் மூட்டை கட்டினார். உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். நீ படு, எல்லாத்தையும் நானே எடுத்து வச்சுட்டேன் என்று பெருமை வேறு. இன்று காலை ஃப்ரிட்ஜைத் திறந்தால் உன் வெங்காயம் அப்படியே இருக்கிறது.

நேற்று ராத்திரி மண் சரிந்து டவர் சாய்ந்ததிலிருந்து உன் போன் கிடைக்கவில்லை. பாதையும் போய்விட்டது. உன் அத்தான் சரிவின் இந்தப் பக்கம் நின்று, நான் போயே தீருவேன் என்று சாலை ஆட்களோடு மல்லுக்கட்டுகிறார். மருந்துப் பை மட்டும் கயிற்றில் கட்டி அந்தப் பக்கம் போகிறதாம். இதை அதில் வைக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

வெங்காயம் உரிக்க உனக்கு உடம்பு வணங்காது. மூட்டை வந்ததும் அந்தப் பையைத்தான் முதலில் எடுப்பாய் என்று எனக்குத் தெரியாதா? நறுக்கினால் கண் எரியாது, வெங்காய வாசனை வராது. ஆனால் மழை வந்தாலே உனக்கு மூக்கடைப்பு. பாப்பாவுக்கு வேறு உன் தட்டிலிருந்தே மசித்து ஊட்டுவாய்.

சாப்பிட்டிருந்தால், சரியாகிவிடும் என்று படுத்துவிடாதே. மாப்பிள்ளை சுரங்கப்பாதை வேலையில் எங்கே இருந்தாலும் ஆள் விட்டுக் கூப்பிடு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உடனே முகாம் டாக்டரிடம் போ. மிச்சக் கிழங்கைக் கையோடு காட்டு.

நான் கிழக்கு என்றால் நீ மேற்கு என்பாய். இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள் கண்ணு. அப்புறம் ஆயுசு முழுக்க என்னோடு சண்டை போடு, வாயே திறக்க மாட்டேன்.

இதை நீயே பிரித்துப் படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு யாராவது பிரித்திருந்தால், ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், உடனே ஓடிப்போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் உடைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா