சித்தப்பா மீன்

சீவலப்பேரி
12.10.1997

அன்புத் தம்பிக்கு,

இங்கே குளத்தில் தண்ணீர் பாதிதான் கிடக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளோடு தூண்டில் போடுகிறேன். கெண்டைக் குஞ்சு மாட்டினால் திரும்ப விட்டுவிடுவோம். நீ நம் குட்டையில் வளர்த்தாயே, ஆப்பிரிக்கக் கெளுத்தி, அதை மட்டும் விடுவதில்லை. விரால் குஞ்சையெல்லாம் அந்தச் சனியன்தான் தின்று தீர்க்கிறது. பிள்ளைகள் அதற்குச் சித்தப்பா மீன் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் மழைக்கு முன்னால் குட்டையைச் சுற்றி வலை கட்டச் சொன்னாய். கட்டியாச்சு என்றேன். கட்டவில்லை. சோம்பல்தான், வேறென்ன? வெள்ளத்தில் மீனெல்லாம் குளத்துக்குப் போய்விட்டது. ஊர்க்கூட்டத்தில் உன்னை ஏசியபோது நான் வாயைத் திறக்கவில்லை. நீ பையோடு பஸ் ஏறியபோதும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இன்று மூத்தவள் ஹெப்சி, "சித்தப்பா ஏம்ப்பா இதக் கொளத்துல விட்டாவ?" என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் புழுவைக் கோத்துத் தூண்டிலை வீசினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கெளுத்தி மாட்டியது. சின்னவனைப் பார்த்துக் கத்தினாள்: "ஏலே, ஓடியா! அப்பா மீன் மாட்டிட்டு!"

கிறிஸ்துமஸுக்கு வா. அதற்குள் ஊர்க்கூட்டத்திலும் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன்