கையில் வாங்காத நற்கருணை

என் பிரியமுள்ள அந்தோணி அண்ணே,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்க வாய் வருகிறது. எங்கே இருக்கிறாயோ அங்கே நல்லாத்தான் இருப்பாய். செம்பட்டி ரோட்டில் உன் பட்டறையை மதினி வாடகைக்கு விட்டுவிட்டார். கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இன்னமும் உன் பெயரைக் கேட்டு ஆட்கள் வருகிறார்களாம்.

நம் கோயிலிலும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வாசல் தொட்டியில் தீர்த்தம் இருக்கிறது. பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்காருகிறோம். ஆண்டவராகவே எண்ணி வாங்கும் நற்கருணை அப்பத்தை நாவில் வாங்க விரும்புகிறவர்களுக்கு ஃபாதர் மறுபடியும் நாவிலேயே கொடுக்கிறார். முதல் நாள் அதைப் பார்த்ததும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கொரோனா வந்ததும் முதலில் கோயிலைப் பூட்டினார்கள். ஃபாதர் காலிக் கோயிலில் பூசை வைப்பார், நாம் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து முழந்தாளிடுவோம். படம் அசையாமல் நின்றுபோனால், "ஃபாதர் ஆழ்ந்த செபத்துல இருக்காரு, சத்தம் போடாதீக" என்று நீ சொல்வாய். பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் பூசை நடந்தது. சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாற்காலி. நற்கருணை இனி கையில்தான் என்று அறிவித்தார்கள்.

வரிசையின் முன்னால் சானிடைசர் பாட்டிலோடு நின்றவள் நான். மூன்று ஞாயிறு பார்த்தேன், நீ நாற்காலியை விட்டு எழவே இல்லை. கையில் வாங்குவது மரியாதைக் குறைவு என்று ஒரு கூட்டம் அப்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நீயும் அதில் சேர்ந்துவிட்டாய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, ஆட்கள் நிற்கும்போதே கேட்டேன். "ஏண்ணே, ஃபாதரவிட நீ பெரிய ஆளா? உன் வீம்புக்குச் சட்டத்த மாத்தணுமா?" முப்பது வருஷம் வகுப்பில் அதட்டிய வாய், அண்ணன் என்றும் பார்க்கவில்லை. "விடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். அதன்பிறகு நீ மைதானத்துப் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இரண்டாவது அலையில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். யாரையும் உள்ளே விடவில்லை, ஃபாதரையும் விடவில்லை. பதினோராவது நாள் ஒரு நர்ஸம்மா போனைப் பிடித்துக்கொள்ள நீ பேசினாய். மூச்சு வாங்கியது. "தங்கச்சி, கை நல்லா வெளுத்துருச்சு. இப்ப வாங்கலாம்ல?" என்றாய். காய்ச்சலில் உளறுகிறாய் என்று நினைத்தேன். "செத்த நேரம் தூங்குண்ணே" என்றேன். மறுநாள் காலையில் நீ இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் உன்னை இறக்கும்போது ஆறு பேர்தான் இருந்தோம். உன் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதான் மதினி சொன்னார். "லூர்து, சனிக்கெழம ஆனா உங்கண்ணன் மண்ணெண்ணெயும் சோப்புப் பொடியும் போட்டு, தேங்கா நார வச்சு கையத் தேச்சுக்கிட்டே இருப்பாரு. ரேகைக்குள்ள இருக்க கிரீஸ் கருப்பு போகவே போகாது. இந்தக் கையில ஆண்டவர எப்படி வாங்குறதும்பாரு. உங்க தங்கச்சிகிட்டயாச்சும் சொல்லுங்கன்னேன். வேணாம், அவ சிரிப்பாம்பாரு."

நான் சிரித்திருப்பேனா அண்ணே? சிரித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கை சம்பாதித்ததில்தான் நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன். அந்தக் கையை ஒருநாள்கூட உற்றுப் பார்க்கவில்லை. ஃபாதரிடம் அழுதுகொண்டே சொன்னபோது, "அந்தக் கையிலதாம்மா நான் சந்தோசமா கொடுத்திருப்பேன்" என்றார். அங்கே உனக்கு யார் கொடுத்தார்கள்? கையிலா, நாவிலா?

படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகிற வேலைக்கு ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று ரொம்ப நாள் தட்டிக்கழித்தேன். போன ஞாயிறுதான் முதல்முதலாகப் போனேன், ஊருக்கு வெளியே ஒரு வீட்டுக்கு. காட்டு வேலை பார்த்தே வயதான அம்மா. நற்கருணைச் சிமிழைத் திறந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பழைய கோபம் எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சிமிழை மூடி வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, என்ன சங்கடம்?"

"குளிச்சு நாலு நாளாச்சு டீச்சர். நாத்தம் அடிக்குது. ஆண்டவர் வர்ற எடமா இது?"

"அவரு மாட்டுக்கொட்டில்ல பொறந்தவருதானம்மா" என்றேன். அந்த அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினார். நாவில் வாங்க வாயைத் திறந்தார்.

கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அண்ணே.

இனி வரிசைக்கு வராமல் யார் உட்கார்ந்திருந்தாலும் நானே எழுந்து அவர்களிடம் போவேன். அதட்ட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னிடம் மட்டும் கேட்காமல் விட்ட
உன் தங்கச்சி
லூர்து