ஐம்பது நிமிடத்துக்கு நூற்றைம்பது டாலர்

டுலாரி, கலிபோர்னியா

அன்பு மகள் லூசிண்டாவுக்கு அம்மா டெல்ஃபினா ஆசீர்வதித்து எழுதுவது. பரிசுத்த ஆவியின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நலம், மினசோட்டாக் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

உன் கடிதம் வந்தது. குடும்ப ஆலோசகராக மருத்துவமனையில் வருடம் அறுபதாயிரம் வருகிறது, காப்பீட்டுக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் தொண்ணூற்றைந்தாயிரம் தருவதாகச் சொல்கிறார்கள், படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் வேலையைப் பற்றி உன் அப்பா ஆர்லின்டோ பேசுவது உனக்குத் தெரியாததா. யாரைப் பார்த்தாலும், "ஆறு வருசம் படிச்சா, மூவாயிரம் மணி நேரம் பயிற்சின்னு பாதிக் கூலிக்கு ஒழைச்சா, இப்பவும் பால் வண்டி ஓட்டுறவன் அவளவிட ஜாஸ்தி சம்பாதிக்கிறான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நம் பால் பண்ணை மாடுகளை விற்றதிலிருந்து அப்பா வீட்டில் வாயே திறப்பதில்லை. நான் ஒன்று கேட்டால் சுவரைப் பார்ப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கவுன்சலிங் போகலாம் வாருங்கள், இல்லையென்றால் நான் என் தங்கை வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றேன். "வீட்டுலயே ஒருத்தியப் படிக்க வெச்சுட்டு வெளியில யாராச்சும் காசு குடுப்பாங்களா? லூசிண்டாவுக்குப் போனப் போடு, சும்மாவே பாத்துவுடுவா" என்றார். சொந்தக்காரர்களுக்குப் பார்க்கக் கூடாது என்பது உங்கள் தொழில் சட்டம் என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒகிமோட்டோ என்று ஒரு அம்மா, பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் உட்கார்ந்து கவுன்சலிங் பார்க்கிறாள். ஒரு தடவைக்கு நூற்றைம்பது டாலர், அதுவும் ஐம்பது நிமிடம்தான். "பாக்கிப் பத்து நிமிசத்த யாரு கறந்துட்டுப் போறாங்களாம்?" என்று ஒவ்வொரு தடவையும் படியிறங்கும்போது அப்பா பொருமுவார். நாலு வாரம் மழையையும் வைக்கோல் விலையையுமே பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நேரம் முடிந்து எழுந்தவர், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, "தெனம் விடிகாலையில காலி மாட்டுக் கொட்டாய்ல போயி உக்காந்திருக்கேன். இவ எந்திரிக்கிறப்ப நான் வேல பாக்குற மாதிரி தெரியணும்ல" என்றார். வெளியே அடுத்த ஜோடி காத்திருந்தது, அந்தம்மா பதறவில்லை. "முக்காவாசிப் பேரு நெசத்த வாசல்லதான் சொல்லுவாங்க, ஆர்லின்டோ. அடுத்த வாரம் நீங்க உக்காரவே வேணாம், அங்கயே நின்னு ஆரம்பிங்க" என்றாள். அவரும் அப்படியே போய், தொப்பியைக் கூடக் கழற்றாமல், கதவைப் பிடித்தபடி ஐம்பது நிமிடமும் நின்றுகொண்டே பேசினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடியே, இதுவா நீ தினமும் செய்கிற வேலை? உன்னை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் அப்பா கூச்சமில்லாமல், உங்கள் கையில் என்ன நிற்கும் என்று அவளையே கேட்டுவிட்டார். வாடகை, காப்பீடு, வரி போகப் பாதிகூட நிற்காது, முடியாதவர்களிடம் நாற்பது டாலர்தான் வாங்குகிறேன் என்றாள். வீடு வந்து சேர்ந்ததும், "மாட்டுக்குக் கொளம்பு சீவ வந்தவனுக்கே இதவிட அதிகம் குடுத்திருக்கேன்" என்று முணுமுணுத்தார்.

வேலை சலித்துப்போய் விடுகிறாய் என்றால் விடு மகளே, ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டோம். கடனுக்குப் பயந்து மட்டும் விடாதே. மாடு விற்ற பணத்திலிருந்து கடன் தீரும்வரை மாதம் நானூறு டாலர் உனக்கு அனுப்பும்படி அப்பா நேற்று வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார், என்னைக்கூடக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. இனிப்பு ரொட்டியும் லிங்குயிசா தொத்திறைச்சியும் பார்சலில் வருகின்றன, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிடாமல் நீ சாப்பிடு. தேவன் உன்னையும் உன் பொறுமையையும் காக்கட்டும்.

அப்பா இதுவரை எந்தக் கடிதத்திலும் ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை, இப்போது என் பேனாவைப் பிடுங்குகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா டெல்ஃபினா

லூசிண்டா, அந்தம்மாவுக்கு நான் குடுத்தது பத்தாது.
அப்பா